சத்தம் போடாமல் ஆட்டம் பார்த்த தருமபுரிக்காரர்களுக்கு நன்றி

அண்ணன்களே, அக்காக்களே, போன ஞாயிற்றுக்கிழமை நம்ம ஊரில் நடந்த பார்வையற்றோர் கால்பந்து ஆட்டத்துக்குக் கை கொடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தருமபுரி அணியின் கோல்கீப்பர். களத்தில் ஓடும் நான்கு பேருக்கும் பார்வை கிடையாது, கோல்கீப்பருக்கு மட்டும் இருக்கலாம் என்பது இந்த ஆட்டத்தின் விதி. ஆனால் கோலுக்கு முன்னால் இருக்கும் சின்னக் கட்டத்தை விட்டு நான் வெளியே வரக் கூடாது. அங்கேயே நின்று யார் என்ன வேலை செய்தீர்கள் என்று வேடிக்கை பார்த்தவன் நான்தான் என்பதால் எழுதும் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதலில் பந்தல்காரர். களம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். இரண்டு நீளப் பக்கமும் இடுப்புயரத்துக்கு மேல் தடுப்பு வேண்டும். பந்து வெளியே போகாது, ஓடுகிறவர்களுக்கும் எல்லை தெரியும். உலகப் போட்டிகளில் அதற்கென்றே செய்த பலகைகள் வைப்பார்கள். நமக்கு முகூர்த்த நாள் இல்லாத ஞாயிறாகப் பார்த்துத் தகரம் கொடுத்தார் இவர். அதை ஏற்றி வந்த மாங்காய் டெம்போ ஓட்டுநர் டீசல் காசுகூட வாங்கவில்லை. வெல்டிங் பட்டறை அண்ணன் தகரங்களுக்கு முட்டுக் கொடுத்ததோடு, கூரான ஓரங்களுக்கெல்லாம் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டார். நாங்கள் அதைக் கேட்கவே இல்லை.

கண்கட்டு தைத்துக் கொடுத்த டெய்லர் அக்கா, “கண்ணே தெரியாதவங்களுக்குக் கட்டு எதுக்குப்பா?” என்றார். சிலருக்கு வெளிச்சம் மட்டும் தெரியும், எல்லோரும் சமமாக ஆடத்தான் என்றதும், வியர்வை இறங்காமல் இருக்க உள்ளே பஞ்சும் வைத்துவிட்டார். கொஞ்சம் பார்வை உள்ளவர்களுக்கு வேறு பிரிவும் உலகப் போட்டியும் இருக்கின்றன, பாராலிம்பிக்கில் மட்டும் இடமில்லை.

அப்புறம் பந்து. இத்தனை நாள் சாதாரணப் பந்தை பிளாஸ்டிக் பையில் கட்டி, அது சரசரக்கும் சத்தத்தை வைத்து ஆடினோம். ஓசூரில் வேலை பார்க்கும் நண்பர் வாங்கி அனுப்பிய பந்துக்குள்ளேயே கிலுகிலுப்பு இருக்கிறது. அதைக் கேட்டதும் எங்கள் பசங்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் பெரிய உதவி, நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்களே, அதுதான். பந்தின் சத்தம் கேட்க வேண்டும், பந்தை எடுக்கப் போகிறவன் கொடுக்கும் ‘வோய்’ குரல் கேட்க வேண்டும் (கொடுக்காவிட்டால் ஃபவுல்), எதிரணிக் கோலுக்குப் பின்னால் நின்று வழி சொல்பவர் குரலும் கேட்க வேண்டும். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ஈஃபில் கோபுரத்தின் அடியில் நடந்த இறுதி ஆட்டத்தில்கூட பந்து ஓடும்போதெல்லாம் கூட்டம் அமைதி காக்க வேண்டியிருந்தது. 2004 ஏதென்ஸ் முதல் ஐந்து முறையும் தங்கம் வாங்கிய பிரேசில் அங்கே வெண்கலத்தோடு போக, பிரான்ஸ் அர்ஜென்டினாவை பெனால்டியில் வென்றது. அங்கே அறிவிப்புப் பலகை இருந்திருக்கும். இங்கே மண்டபத்துக்காரர் தானாகவே ஸ்பீக்கரை நிறுத்தினார், சுண்டல் விற்றவர் மணியைப் பையில் போட்டுக்கொண்டார், விசிலடித்த பொடியனை அவன் பாட்டியே அதட்டினார். கோல் விழுந்ததும் மொத்தமாகக் கத்தித் தீர்த்தீர்களே, அதுவும் சரியான நேரம்தான். கோல் வாங்கியவன் நான் என்பதை மட்டும் மறந்துவிடுங்கள்.

இடம் கேட்டுப் போன வேறொரு மைதானத்தில், “அடிபட்டால் யார் பொறுப்பு?” என்று கதவைச் சாத்தினார்கள். அடி எல்லா ஆட்டத்திலும்தான் படும்.

கிருஷ்ணகிரி அணியோடு பெண்பிள்ளைகளையும் பஸ் ஏற்றிக் கூட்டி வந்த டீச்சருக்குத் தனி நன்றி. பெண்களுக்கான முதல் உலகப் போட்டி 2023இல் பர்மிங்காமில் நடந்து அர்ஜென்டினா வென்றது, அடுத்தது 2025இல் நம் பக்கத்துக் கொச்சியிலேயே நடந்தது. “எங்களுக்கு எப்போ டீம்?” என்று அந்தப் பிள்ளைகள் கேட்டார்கள். கோல்கீப்பராக நிற்க விருப்பமுள்ள, பார்வையுள்ள தங்கச்சிகள் யாராவது இருந்தால் ஞாயிறு காலை மைதானத்துக்கு வாருங்கள்.

பந்தல்கார அண்ணே, இரண்டு தகரம் நெளிந்திருக்கிறது. கணக்கைச் சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறோம்.