ஒரு மேஜை ரயிலுக்கும் ரெண்டு பக்கம் ஒதுக்குங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ஜெர்மனில ஹாம்பர்க்ல இருக்கற மினியேச்சர் வுண்டர்லேண்ட்ங்கற பெரிய மாடல் ரயில் கண்காட்சி பத்தி வந்த கட்டுரை படிச்சேன், படமெல்லாம் அருமை. 2001ல ஆரம்பிச்சது, இன்னிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல தண்டவாளம், விமானம் ஏறி இறங்குற ஏர்போர்ட் வரைக்கும் வச்சிருக்காங்க, கட்டாயம் பாக்க வேண்டிய இடம்தான், அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா கட்டுரையோட கடைசில, இதெல்லாம் பெரிய ஹாலும் கோடிக்கணக்குல பணமும் இருக்கறவங்களுக்குத்தான் சரிப்படும்ங்கற மாதிரி முடிச்சிருந்தீங்க பாருங்க, அங்கதான் எனக்கு மனசு கேக்கல. நான் இங்கிலாந்துல லெஸ்டர் பக்கம் இருக்கேன், சின்னதா ஒரு மாடல் ரயில் லேஅவுட் (பலகை மேல தண்டவாளம், யார்டு எல்லாம் வச்ச குட்டி ரயில் உலகம்) செஞ்சு இங்க நடக்கற ஹாபி ஷோக்களுக்கு எடுத்துட்டுப் போறவ. பெரிசைப் பாத்து வாயைப் பொளந்துட்டு வீட்டுக்குப் போறவங்கதான் அதிகம், சின்னதைப் பாத்துட்டு "இது நம்மளாலயும் முடியும் போலருக்கே"ன்னு யோசிச்சுக்கிட்டே போறவங்கதான் அப்புறம் இந்தப் பக்கம் வர்றாங்க. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இங்க பெரும்பாலான ஷோ நடக்கறது ஸ்கூல் ஹால், சர்ச் ஹால், இல்லன்னா லெஷர் சென்டர்லதான். பல ஊர்ல ஒரு மாடல் ரயில்வே கிளப் இருக்கு (இதுல ரொம்பப் பழசு லண்டன்ல 1910ல ஆரம்பிச்ச கிளப், இன்னும் நடக்குது), அவங்கதான் சனி ஞாயிறுல ஷோ போடுவாங்க. எக்ஸிபிஷன் மேனேஜர்னு ஒருத்தர் இருப்பார், அவர் லேஅவுட் வச்சிருக்கறவங்களை மாசக்கணக்கா முன்னாடியே கூப்பிட்டு ஃபார்ம் அனுப்புவார், நீளம் எவ்ளோ, அகலம் எவ்ளோ, எத்தனை பேர் வருவீங்க, எத்தனை பிளக் பாயின்ட் வேணும்னு எல்லாம் கேட்டு. நமக்குச் சம்பளம்னு ஒண்ணும் கிடையாது, பெட்ரோல் செலவு, தூரமா இருந்தா ராத்திரி தங்கற செலவு, மத்தியானம் ஒரு சாண்ட்விச், நாள் பூரா டீ, அவ்ளோதான். டிக்கெட் வாங்கிட்டு குடும்பம் குடும்பமா வருவாங்க, ஒரு மூலையில பழைய வேகன் இன்ஜின் விக்கற கடை, இன்னொரு பக்கம் கிளப் ஆளுங்க வீட்லருந்து செஞ்சு எடுத்துட்டு வந்த கேக்.

என்னோட லேஅவுட் ஒன்றேகால் மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், காரோட பின்சீட்லயே வந்துடும். ஓஓன்னு இங்க சொல்ற அளவு, அதாவது நிஜத்துல 76ல ஒரு பங்கு. அதுல இருக்கறது 1960கள் ஆரம்பத்துல ஒரு சின்ன கூட்ஸ் யார்டு. அப்போ இங்க கிராமத்து ஸ்டேஷன்லகூட ஒரு கரி வியாபாரி இருப்பார், வேகன்ல கரி வரும், ஷவலால அள்ளி மூட்டை போட்டு வீட்டு வீடா கொண்டு போவாங்க. 1963ல இங்க ரயில்வே தலைவரா இருந்த பீச்சிங்ங்கறவரோட ரிப்போர்ட் வந்து நஷ்டத்துல ஓடற லைன், ஸ்டேஷன்லாம் மூடச் சொன்னப்புறம் இந்த மாதிரி யார்டுங்க ஒவ்வொண்ணா போயிடுச்சு, நிறைய இடத்துல இப்போ கார் பார்க்கிங்தான் இருக்கு.

ரெண்டே ரெண்டு பாயின்ட்ஸ் (தண்டவாளம் ரெண்டா பிரியற இடம்), மூணு சைடிங் (வேகன் நிறுத்தற கிளைத் தண்டவாளம்), அவ்ளோதான் தண்டவாளம். இதுல என்ன பண்ண முடியும்னு கேப்பீங்க. ஆலன் ரைட்ங்கறவர் கண்டுபிடிச்ச இங்கிள்நூக்ங்கற அமைப்பு இது, இந்த ஹாபில இருக்கறவங்க எல்லாருக்கும் தெரியும். ஒரு சைடிங்ல 5 வேகன் நிக்கும், மத்த ரெண்டுல மும்மூணு, பாயின்ட்ஸுக்கு இந்தப் பக்கம் இன்ஜினும் 3 வேகனும் நிக்கற அளவுக்கு மட்டும் இடம். மொத்தம் 8 வேகன், அதுல 5 வேகனை, சொல்ற வரிசைல, கோத்து ரயிலாக்கணும். எட்டுல அஞ்சை எடுத்து வரிசையா நிறுத்தினா 6720 விதம் வருது, கணக்குப் போட்டுப் பாருங்க. ஷோவுக்கு ஷோ எடுத்துட்டுப் போனாலும் எனக்கு அலுக்காததுக்குக் காரணம் இதுதான். எங்கப்பா ஜோலார்பேட்டையில ரயில்வேல இருந்தவர், ஷண்டிங் (வேகனைப் பிரிச்சு, சேத்து, இடம் மாத்தறது) பாத்து வளந்தவளுக்கு எக்ஸ்பிரஸ் சுத்திச் சுத்தி வர்றதை விட இது ரொம்பப் பிடிக்கும்.

எட்டு வேகனோட படமும் போட்ட எட்டு அட்டை வச்சிருக்கேன். எதிர்ல வந்து நிக்கற பிள்ளைங்ககிட்ட அதை விசிறி மாதிரி விரிச்சுக் காட்டி அஞ்சை எடுக்கச் சொல்லுவேன், எடுத்த வரிசைதான் அன்னிக்கு ரயில். அப்புறம் கன்ட்ரோலரை அதுங்க கைலயே குடுத்துடுவேன். ஒரு ஷோல எட்டு வயசு இருக்கும் ஒரு பொண்ணு, நாக்கைக் கடிச்சுக்கிட்டு அவ்ளோ மெதுவா ஓட்டினா, வேகன் நேரா காந்தத்து மேல போய் நின்னுது (தண்டவாளத்துக்கு அடில காந்தம் பதிச்சிருக்கும், அங்க நிறுத்தி ஒரு துளி தளர விட்டா கொக்கி ரெண்டும் தானா விலகும்), இன்ஜின் பின்னாடி வந்துச்சு, வேகன் அப்படியே அங்கயே நின்னுடுச்சு, யார் கையும் படல. அந்தப் பொண்ணு திரும்பி அவங்கம்மாவைப் பாத்த பார்வை இருக்கே! பின்னாடி வரிசையில நின்ன பசங்க எல்லாம் "இப்போ நடு சைடிங், நடு சைடிங்"னு சத்தம் போட ஆரம்பிச்சுட்டாங்க, முன்னப்பின்ன தெரியாத பசங்க. இதை ஒரு பெரிய லேஅவுட்ல செய்யவே முடியாது, அங்க கயிறு கட்டித் தள்ளி நிக்க வச்சிருப்பாங்க, அவங்க பொருள் அப்படி, குத்தம் சொல்லல.

பெரியவங்களும் அப்படித்தான். என்னோட சாம்பல் கலர் கரி வேகன்ல பக்கவாட்டுல வெள்ளையா ஒரு சாய்வு கோடு இருக்கும், ஒரு வயசானவர் குனிஞ்சு அதையே பாத்துட்டிருந்தார், அப்புறம் பக்கத்துல நின்ன பேரன்கிட்ட சொல்றார், அந்தக் கோடு எந்த முனையில மேல போகுதோ அந்த முனைக்கதவு திறக்கும், வேகனையே சாய்ச்சுக் கரியைக் கொட்டறதுக்காகன்னு. அவர் சின்ன வயசுல கரி யார்டுல மூட்டை தூக்கினவராம், ஒரு மூட்டை ஒரு ஹண்ட்ரட்வெயிட், நம்ம கணக்குல 50 கிலோ சொச்சம், ஒரு 16 டன் வேகன்னா 320 மூட்டை. பேரன் என் வேகனைப் பாக்கறான், தாத்தா முதுகைப் பாக்கறான், திரும்ப வேகனைப் பாக்கறான். இந்தப் பேச்சு நடக்கணும்னா வேகன் கண்ணுக்கு ஒரு அடி தூரத்துல இருக்கணும், ஓட்டறவங்களும் பதில் சொல்ற தூரத்துல நிக்கணும்.

அதனால லேஅவுட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு ஓட்டற பழக்கம் எனக்குப் பிடிக்கறதில்ல. சில ஷோல பாத்திருக்கேன், நாலு ஆப்பரேட்டரும் திரும்பி நின்னு தங்களுக்குள்ள பேசிட்டிருப்பாங்க, ரயில் அசையவே அசையாது, குழந்தை ரெண்டு நிமிஷம் பாத்துட்டு அம்மா கையைப் பிடிச்சு இழுக்க ஆரம்பிச்சுடும். தண்டவாளத்தோட அகலம் 16.5 மில்லிமீட்டரா இருக்கே, இந்த அளவுக்குச் சரியா 18.83 வரணுமேன்னு மணிக்கணக்கா வாதம் பண்ற கூட்டமும் இருக்கு, அதுல அர்த்தம் இருக்கு, நானும் கலந்துக்குவேன், ஆனா டிக்கெட் வாங்கிட்டு வந்தவங்க எதிர்ல நிக்கறப்போ அது ரெண்டாம்பட்சம். சின்ன லேஅவுட்ல ஒரு இன்ஜின் நின்னா மொத்த ஷோவும் நின்ன மாதிரி, அதனால காலைல கதவு திறக்கறதுக்கு முன்னாடி ஐசோபுரோப்பில் ஆல்கஹால் நனைச்ச துணியால தண்டவாளத்தைத் துடைச்சு, சக்கரத்தையும் துடைச்சுடணும், ஹால்ல பறக்கற தூசி அத்தனையும் அங்கதான் வந்து ஒட்டும். அப்புறம் வேகம். ஷண்டிங்னா நிஜத்துல ஆள் நடக்கற வேகம், மணிக்கு 5 கிலோமீட்டர்னு வச்சா என் மேஜைல அது ஒரு வினாடிக்கு 2 சென்டிமீட்டர்கூட இல்ல. அவ்ளோ மெதுவா நிக்காம ஓடணும், அதுக்குத்தான் மூணு ஆக்சிலும் தண்டவாளத்துலருந்து கரன்ட் எடுக்கற, 08 கிளாஸ்ங்கற ஷண்டிங் டீசல் இன்ஜின் வச்சிருக்கேன், நாலு சக்கரக் குட்டி இன்ஜின் பாக்க அழகு, ஆனா பாயின்ட்ஸ் மேல போறப்போ நின்னுடும்.

உயரம் இன்னொரு விஷயம். நின்னு பாக்கற பெரியவங்க கண்ணுக்கு நேரா, 130 சென்டிமீட்டர் உயரத்துல வச்சா படம் எடுக்க நல்லாத்தான் இருக்கும், சின்னக் குழந்தைக்கும் வீல்சேர்ல வர்றவங்களுக்கும் பலகையோட அடிப்பக்கம்தான் தெரியும். நான் சாதாரண மேஜை உயரத்துலதான் வைக்கறேன், பெரியவங்க குனிஞ்சுக்கலாம், யாரும் கோவிச்சுக்கிட்டதில்ல.

குறைன்னு சொன்னா ஒண்ணு இருக்கு. சில இடங்கள்ல எக்ஸிபிஷன் மேனேஜருங்க சின்ன லேஅவுட்டை மிச்சம் மீதி இடத்துக்குத்தான் நினைக்கறாங்க. ஒரு ஷோல எனக்குக் குடுத்த இடம் டாய்லெட் போற வழில, வெளிச்சம் கிடையாது, புரோக்ராம் புக்ல பேரும் கிடையாது, என் வீட்டுக்காரர் டேபிள் லாம்ப் வாங்க ஊருக்குள்ள ஓடினார். (வர்றவங்க கேள்வியெல்லாம் அவர்கிட்டதான் முதல்ல கேப்பாங்க, அவர் என்னைக் கை காட்டுவார், அது தனிக்கதை.) அவங்களுக்கே இது நஷ்டம்ங்கறதுதான் என் வருத்தம். பெரிய லேஅவுட்னா வேன் வாடகை, ஆறேழு ஆளு, எல்லாருக்கும் ராத்திரி தங்க ரூம், எல்லாம் கிளப் தலைலதான் விழும். நான் காலைல கார்ல வந்து சாயங்காலம் திரும்பிடறேன். பர்மிங்காம்ல என்இசிங்கற பெரிய கண்காட்சி அரங்கத்துல வார்லி கிளப் வருஷா வருஷம் நடத்தின ஷோ இந்த நாட்டுலயே பெரிய ஷோக்கள்ல ஒண்ணு, முழுக்க முழுக்க தன்னார்வலருங்க உழைப்பு, 2023 நவம்பரோட அதுவும் முடிஞ்சுபோச்சு. இனி இந்த ஹாபிக்குப் புது ஆள் வரணும்னா அது ஊர் ஹால்ல, சின்ன ஷோலதான் நடக்கணும், அங்க ஒரு மேஜை லேஅவுட்டை நல்ல வெளிச்சத்துல, வாசல்லருந்து பாத்தா தெரியற இடத்துல வச்சா என்ன குறைஞ்சிடும்?

உங்ககிட்ட கேக்கறது இதுதான். அடுத்த தடவை உங்க நிருபரோ போட்டோகிராஃபரோ இந்தப் பக்கம் வந்தா ஒரு சனிக்கிழமை இந்த மாதிரி ஒரு ஹாலுக்கு அனுப்புங்க, குளிர்காலத்துல எங்கயாவது ஒண்ணு கட்டாயம் நடந்துட்டிருக்கும். அடுத்து அந்த இங்கிள்நூக் தண்டவாளப் படத்தை ஒரு கால் பக்கத்துலயாவது போடுங்க. சென்னை ஃபிளாட்ல இருக்கற வாசகருக்கு அது போதும், 9 மில்லிமீட்டர் தண்டவாளத்துல ஓடற, 'N' கேஜ்னு சொல்ற இன்னும் சின்ன அளவுல செஞ்சா இதே அமைப்பு புத்தக ஷெல்ஃப் மேல அடங்கிடும், ஒரு இன்ஜின், எட்டு வேகன், ரெண்டு பாயின்ட்ஸ், கொஞ்சம் தண்டவாளம், ஒரு கன்ட்ரோலர், அதுக்கு மேல எதுவும் வாங்க வேண்டாம். யாராவது செஞ்சு படம் அனுப்பினா அதையும் வெளியிடுங்க, நான் ஆவலா பாப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
லெஸ்டர், இங்கிலாந்து