இயாகோ கேட்ட நியாயம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் அறுவை சிகிச்சை முடிந்து, கொஞ்ச நாள் எதையும் படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பேத்திதான் வாசித்துக் காட்டினாள். பாதியில் நிறுத்தி, "தாத்தா, இந்த இயாகோ யாரு? உங்க ஃப்ரெண்டோட பணத்த ஏமாத்திட்டாரா?" என்று கேட்டாள். நீ திட்டியிருந்த வேகம் அப்படி.

இப்போது கண் தெளிவாக இருக்கிறது. திரும்பப் படித்த முதல் புத்தகம் ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகம்தான், உன்னோடு சண்டை போடுவதற்காகவே. தளபதி ஒதெல்லோவிடம் வேலை பார்க்கும் இயாகோ, அவன் மனைவி டெஸ்டிமோனாவுக்குக் காசியோவோடு தொடர்பு என்று நம்பவைத்து, அவன் கையாலேயே அவளைக் கொல்ல வைக்கிற கதை.

இயாகோ ஒரு பிசாசு, பிசாசிடம் போய்க் காரணம் கேட்பார்களா என்கிறாய். உன் பக்கம் பெரிய ஆள் இருக்கிறார். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்: காரணமில்லாத கெடுமதி காரணம் தேடி அலைகிறது என்று. எனக்கு அந்த முதல் பாதியில் சம்மதமில்லை. ஆனால் 'தேடி அலைகிறது' என்றாரே, அது சத்தியம். கெட்டது செய்யத் துணிந்தவன் எதற்குக் காரணம் தேட வேண்டும்? நேரே செய்துவிட்டுப் போகலாமே. தன் கணக்கில் தான் நியாயஸ்தனாக இருந்தாக வேண்டும் என்பவன்தான் தேடுவான்.

முதல் காட்சியைப் பார். பதவி உயர்வு கிடைக்காதவனின் புலம்பல். ஒதெல்லோவின் கண் முன்னால் ரோட்ஸிலும் சைப்ரஸிலும் போர் செய்தவன் நான், போர்க்களமே பார்க்காத கணக்குப்பிள்ளை காசியோவுக்குத் துணைத்தளபதி பதவி, எனக்குக் கொடி பிடிக்கிற வேலை என்கிறான். பணிமூப்புக்கு மதிப்பில்லை, சிபாரிசுக்குத்தான் காலம் என்கிறான். கேட்டால் நமக்கே ரத்தம் கொதிக்கும். ஆனால் அதற்குச் சற்று முன்னால்தான், தனக்காக ஊர்ப் பெரிய மனிதர்கள் மூன்று பேர் நேரில் போய்ப் பேசினார்கள் என்று அவனே சொல்லியிருப்பான். பலிக்காத சிபாரிசு அவனுக்குச் சிபாரிசாகவே தெரியவில்லை!

சரி, பதவிதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். மூன்றாம் அங்கத்தில், காசியோவின் கையில் டெஸ்டிமோனாவின் கைக்குட்டையைப் பார்த்தேன் என்று இயாகோ சொல்கிற அந்தப் பேச்சு முடிகிற இடத்தில், ஒதெல்லோ அவனைத் துணைத்தளபதி ஆக்கிவிடுகிறான். கேட்டது கிடைத்துவிட்டது. நிறுத்தினானா? டெஸ்டிமோனா சாகும்வரை நிறுத்தவில்லை. முதல் தடவை படித்தபோது இந்த இடத்தைக் கவனிக்காமல் தாண்டியிருக்கிறேன். நீயும் தாண்டியிருப்பாய் என்று சந்தேகம்.

இரண்டாவது காரணம், தன் மனைவி எமிலியாவோடு ஒதெல்லோவுக்குத் தொடர்பு என்ற ஊர்ப்பேச்சு. அது உண்மையா என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் உண்மை என்றே வைத்துக்கொண்டு நடப்பேன் என்கிறான். கொஞ்ச நேரம் கழித்துக் காசியோ மேலும் அதே சந்தேகம். போகிற போக்கில் தானும் டெஸ்டிமோனாவை விரும்புவதாக ஒரு வார்த்தை. ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது 1565-இல் வெளிவந்த சிந்தியோவின் இத்தாலியக் கதைத் தொகுப்பிலிருந்து. அங்கே கொடி பிடிப்பவனுக்கு நேரான காரணம் உண்டு: டெஸ்டிமோனாவை விரும்பினான், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒற்றைக் காரணத்தை ஒரு வரியாகச் சுருக்கிவிட்டு, அரைகுறைக் காரணங்கள் நாலைந்தை இவன் வாயில் போட்டிருக்கிறார் ஷேக்ஸ்பியர். நிஜமாக அடிபட்டவன் காயத்தை மாற்றி மாற்றிக் காட்டுவானா?

அப்படியானால் எதுதான் காரணம் என்பாய். ஐந்தாம் அங்கத்தில், காசியோவைக் கொல்ல இருட்டில் காத்திருக்கும்போது வாய் தவறி வருகிறது. அவனுடைய வாழ்க்கையில் தினமும் ஓர் அழகு இருக்கிறது, பக்கத்தில் நின்றால் நான் அசிங்கமாகத் தெரிகிறேன் என்று. ஒதெல்லோவைப் பற்றியும் முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறான்: எனக்கு ஆகாதுதான், ஆனாலும் அன்பு மாறாத உயர்ந்த மனிதன் என்று. நல்லது எது என்று தெரியாதவனுக்கு இந்த எரிச்சல் வராது. அழுக்காறு என்று நம் ஆட்கள் பெயர் வைத்தது இதற்குத்தான். பிசாசுக்கு இதெல்லாம் இல்லை, மனிதனுக்குத்தான் உண்டு.

இதை இவ்வளவு அடித்துச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என்னைவிட வயதில் சின்னவர் ஒருவரை எனக்கு மேலே போட்டார்களே, நினைவிருக்கிறதா? எனக்கு நடந்த அநியாயம் என்று உனக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. பெரிய அதிகாரி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "கணக்கு விஷயத்தில் அவர் எப்படி?" என்று கேட்டார். "நல்லவர்தான் சார்..." என்று இழுத்தேன். அவ்வளவுதான். ஆறு மாதம் அவரிடம் பணம் சம்பந்தப்பட்ட எந்தக் கோப்பும் போகவில்லை.

மூன்றாம் அங்கத்தில் இயாகோ செய்வதும் இந்த இழுப்பைத்தான். காசியோ நேர்மையானவன்தானே என்று கேட்டால், "நேர்மையா, பிரபு?" என்று கேட்டவனின் சொல்லையே திருப்பிப் போடுகிறான். நானும் பொய் சொல்லவில்லை, நீ கவனித்தாயா? அதுதான் அன்று எனக்கு இருந்த தெம்பு. காசியோவுக்கு நான் சொன்ன யோசனை நேர்மையானதுதானே, என்னை எப்படி வில்லன் என்பது என்று இயாகோ நம்மைப் பார்த்துக் கேட்கும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கண்ணுக்கு ஓய்வு என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

பதவி போனதையாவது ஒரு வருஷத்தில் மறந்திருப்பேன். சேர்ந்த முதல் நாளே அவர் என் மேஜைக்கு வந்து, "இந்த இடத்துக்கு நீங்கதான் சார் வந்திருக்கணும்" என்றார். மனதாரத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடைசியில் இயாகோ இனி ஒரு வார்த்தையும் பேசமாட்டேன் என்று வாயை மூடிக்கொள்வதைத் திமிர் என்று எழுதியிருந்தாய். நாடகம் முழுக்க நம்மிடம் காரணம் காரணமாகச் சொல்லிக்கொண்டே வந்தவன், ஒதெல்லோவின் முன்னால் ஏன் என்ற கேள்வி வரும்போது மட்டும் ஊமையாகிறான். ஏமாந்தவனின் முகத்துக்கு முன்னால் அந்தப் பட்டியலில் எதைச் சொல்ல முடியும்? நீ வேறு மாதிரிப் படித்தால் எழுது.

அப்புறம், உன் முழங்கால் வலி பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. ஒதெல்லோவுக்குக் கொடுத்த இடத்தில் பாதியை அடுத்த தடவை அதற்குக் கொடு.

உன்,
பழைய சண்டைக்காரன்