பிரசங்கத்துக்கு வெளியே இருக்கும் ஊழியம்

ஆசிரியருக்கு,

ஊழியம் என்றால் பிரசங்கம் என்றே இளம் குருமார்கள் பலரும் நினைக்கிறார்கள். சேகரங்களை, அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளை, தாங்குவது வீடு சந்திப்புதான். 200 குடும்பங்கள் என்றால், வாரம் 5 வீடு போனாலும் ஒரு சுற்று முடிய 40 வாரமாகும். பட்டியல் இல்லாமல் கிளம்பினால் வசதியான வீடுகளே திரும்பத் திரும்ப வரும். கடைசித் தெரு விதவை விடுபட்டுப்போவார்.

ஆஸ்பத்திரியில் 10 நிமிடம் போதும். கட்டிலில் உட்காராதீர்கள், பக்கத்துப் படுக்கைக்காரர் திடுக்கிடும்படி ஜெபிக்காதீர்கள். அடக்கத்தன்று ஊரே கூடிவிடும். துக்க வீட்டுக்கு ஆள் தேவைப்படுவது மூன்றாவது வாரம்.

காணிக்கையை ஆராதனை முடிந்த உடனே, ஆலயத்திலேயே, இருவர் எண்ண வேண்டும். நோட்டு, சில்லறையைத் தனித்தனியே பதிவேட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, மறுநாளே வங்கியில் கட்டிவிட வேண்டும். குருவானவர் பணத்தைத் தொடாதிருப்பது அவருக்கே பாதுகாப்பு. 'அப்புறம் எண்ணலாம்' என்று பையை வீட்டுக்குக் கொண்டுபோனால் சந்தேகம் பிறக்கும். அதற்கு ஒரு ரூபாய்கூடக் குறைய வேண்டியதில்லை.

குருவானவருக்குத் துணையாகச் சபையில் ஊழியம் செய்யும் உபதேசியாரை ஏவலாளாக நடத்துவது இன்னொரு பிழை. 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் நம் வெள்ளாளன்விளையைச் சேர்ந்த குருவானவர் அசரியா, இந்திய ஊழியர்களைச் சமமாக நடத்தாத வெளிநாட்டு மிஷனரிகளிடம் 'எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்' என்று கேட்டார். இன்று உபதேசியார்கள் அதையே நம் குருமார்களிடம் கேட்கலாம்!

ஓய்வுபெற்றவர்களுக்கும் ஒன்று. பழைய சபையார் கல்யாணத்தை நடத்திவைக்க அழைத்தால், இப்போதைய குருவானவரிடம் கேட்டுவிட்டே போங்கள்.

— ஓய்வுபெற்ற சேகர குருமார்கள் சிலர்,
பாளையங்கோட்டை