கூரைச் சூரிய மின்சாரம்: பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூரையில் சூரியத் தகடுகள் பொருத்தி, வீட்டுத் தேவைக்கு மிஞ்சும் மின்சாரத்தைத் தேசிய மின்கட்டமைப்புக்கு வழங்கிவரும் யாழ்ப்பாணத்துப் பாவனையாளர் ஒருவர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன்.

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் வேளையில் உற்பத்தியை நிறுத்திவைக்குமாறு எங்களிடம் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருக்கும் நாளில் மின்சாரத் தேவை விழுந்துவிடுகிறது. வெயில் விடுமுறை எடுப்பதில்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரி இயந்திரங்களை நினைத்தவுடன் நிறுத்தி, நினைத்தவுடன் இயக்கவும் முடியாது. சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாக இயங்கும் நேரத்தில் கட்டமைப்பு எவ்வளவு தளர்ந்திருக்கும் என்பதை, அதே ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் முடக்கிக் காட்டியது. கோளாறுக்குக் காரணம் எனச் சொல்லப்பட்ட குரங்குக்குச் செய்திகளில் கிடைத்த இடம் இந்தத் தளர்ச்சிக்குக் கிடைக்கவில்லை. அன்று நல்ல வெயில் வேளையிலும், பற்றரி இல்லாத சூரிய வீடுகளில் மின்விசிறி சுழலவில்லை. கட்டமைப்பு அறுந்ததும், தகடுகளின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவியான இன்வேர்டர் தானாக நின்றுவிட வேண்டும் என்பது, கம்பியில் வேலைசெய்யும் ஊழியரின் உயிரைக் காக்கும் விதி.

ஆயினும், விடுமுறை தோறும் "நிறுத்துங்கள்" என்று அறிவிப்பது கட்டமைப்பை நடத்தும் முறையாகாது. நண்பகலில் மிஞ்சும் மின்சாரம், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்சநேரத்தில், விலைகூடிய எண்ணெயை எரித்துப் பெறும் மின்சாரத்துக்கு ஈடாக வேண்டியது. அதற்கு வீடுகளில் பற்றரி வேண்டும். ஏற்கெனவே இணைந்த பாவனையாளர் தமது பழைய ஒப்பந்தத்தை இழக்காமல் பற்றரி சேர்ப்பதற்குத் தெளிவான விதியையும், பற்றரிக்காக எடுத்த கடன் அடையும் வரையாவது மாறாத உச்சநேர விலையையும் ஆணைக்குழு உறுதிசெய்ய வேண்டும்.

விலை மாறாமை பற்றி அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2016இல் தொடங்கிய "சூரிய பல சங்கிராமய" என்ற கூரைச் சூரிய மின்சாரத் திட்டம், முதல் 7 ஆண்டுகளுக்கு அலகொன்றுக்கு 22 ரூபாவும் அடுத்த 13 ஆண்டுகளுக்கு 15.50 ரூபாவும் தருவதாக எழுத்தில் சொன்னது. அந்த எழுத்தை நம்பித்தான் குடும்பங்கள் வங்கிக்குப் போயின. 2022இல், எரிபொருள் வாங்க டொலரின்றி ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீண்டபோது, கூரை மின்சாரத்தை எல்லோரும் வரவேற்றார்கள். புதிதாக இணைவோருக்கான விலை பின்னர் குறைந்ததைக் குறைசொல்லமாட்டேன். தகடுகளின் விலையும் இறங்கியிருக்கிறது. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மட்டும் எக்காரணத்துக்காகவும் தொடவேண்டாம்.

உற்பத்தியைக் குறைத்தே ஆகவேண்டிய நாட்களில், தொலைவிலிருந்து கட்டுப்படுத்தக்கூடிய பெரிய நிலையங்களில் தொடங்கி, 5 கிலோவாட் வீட்டுக்கு இறுதியாக வரவேண்டும். இழந்த அலகுகளுக்கு ஈடும் கணிக்கப்பட வேண்டும்.

இன்னொன்று, செலவு அதிகமில்லாதது. ஒரே மின்மாற்றியில் பல கூரைகள் சேர்ந்தால் நண்பகலில் மின்னழுத்தம் உயர்ந்து இன்வேர்டர்கள் அடிக்கடி நின்றுபோகின்றன. ஒவ்வொரு மின்மாற்றியிலும் இன்னும் எத்தனை கிலோவாட்டுக்கு இடமுண்டு என்ற விபரத்தை, விண்ணப்பிப்பவர் கடனில் கையெழுத்திடும் முன்னரே பார்க்கும்படி, மூன்று மொழிகளிலும் வெளியிடச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
கூரை மின்னுற்பத்தியாளர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.