இரட்டை எஞ்சின் விற்பவர்களுக்கு: எந்தப் பக்கம் சுற்றும் என்று எழுதிக் கொடுங்கள்

படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் செய்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் வணக்கம்.

இரட்டை எஞ்சினில், பின்னாலிருந்து பார்த்தால் வலது எஞ்சினின் புரொப்பெல்லர் கடிகார முள் போல வலச்சுற்றாகவும், இடது எஞ்சினுடையது அதற்கு எதிராக இடச்சுற்றாகவும் ஏன் இருக்க வேண்டும் என்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. இரண்டும் ஒரே பக்கம் சுற்றினால் ஸ்டீயரிங் ஓயாமல் இழுக்கும், படகும் சாயப் பார்க்கும். எதிரெதிராகச் சுற்றினால் ஒன்றின் இழுப்பை மற்றது தீர்த்துவிடும். அதை நம்பித்தான் ஜோடியாக வாங்கினேன். நான் கேட்பது இவ்வளவுதான்: புரொப்பெல்லர் எந்தப் பக்கம் சுற்றும் என்பதை அதன் மேலேயே பளிச்சென்று எழுதுங்கள். ஸ்பேர் கொடுத்தால் இரண்டு சுற்றுக்கும் கொடுங்கள்.

போன மாதம் இருட்டும் நேரம், கரைக்கு 12 கடல் மைல் இருக்கையில் மிதந்து வந்த கட்டை ஒன்று இடது எஞ்சினில் அடித்து, இரண்டு பிளேடு மடங்கிவிட்டது. சரி, ஸ்பேர் இருக்கிறதே என்று எடுத்தோம். "இரண்டு எஞ்சினுக்கும் பொருந்தும்" என்று சொல்லிக் கொடுத்தது அது. தம்பி அமரத்தில், அதாவது படகின் பின்பக்கத்தில், குப்புறப் படுத்து, நட்டைப் பூட்டும் ஊசியைப் பல்லில் கவ்விக்கொண்டு, அலை ஏறி இறங்க இறங்க நட்டைக் கழற்றி மாட்டினான். ஷாஃப்டில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பொருந்தியதில் குறையே இல்லை. ஃபார்வர்டு கியர் போட்டதும் வலது எஞ்சின் முன்னே தள்ள, இடது எஞ்சின் பின்னே இழுக்க, அணியம் (படகின் முன்பக்கம்) இடப்பக்கம் திரும்பிப் படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. மாட்டியது வலச்சுற்று புரொப்பெல்லர்! தம்பி விளிம்பைப் பிடிக்காமல் இருந்திருந்தால் தண்ணீருக்குள் போயிருப்பான். இடது எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டு, ஒற்றை எஞ்சினில் ஊர்ந்து கரை சேர இரண்டரை மணி நேரம் ஆனது.

மறுநாள் விற்ற இடத்தில் சொன்னபோது, "அந்த எஞ்சினை ரிவர்ஸில் போட்டு வந்திருக்கலாமே" என்றார்கள். ரிவர்ஸில் சுற்று மாறுவதால் அந்த வலச்சுற்று புரொப்பெல்லரும் முன்னே தள்ளும், படகு முன்னே போகும்தான். ஆனால் ரிவர்ஸ் கியர், மெதுவாகக் கொஞ்ச தூரம் பின்னே போவதற்காகச் செய்தது. மணிக்கணக்கில் முழுச் சுமையைத் தாங்கும் பேரிங் ஃபார்வர்டு பக்கத்தில்தான் இருக்கிறது. விற்பவரே இப்படிச் சொன்னால் வாங்குபவர் யாரைக் கேட்பது?

எங்களுக்கும் கொஞ்சம் தெரியும். புரொப்பெல்லரைத் தரையில் படுக்க வைத்துப் பார்த்தால், நம்மைப் பார்த்திருக்கும் பிளேடு இடமிருந்து வலமாக மேலேறினால் வலச்சுற்று, வலமிருந்து இடமாக மேலேறினால் இடச்சுற்று. பகலில், கரையில், நிதானமாக இருந்தால் இதைப் பார்த்துவிடலாம். ஆடும் படகில், டார்ச் வெளிச்சத்தில் முடியாது. நீங்களோ மாடல் பெயரில் இடச்சுற்றைக் குறிக்க ஒரு 'எல்' எழுத்தையோ பாகத்தின் எண்ணையோ போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறீர்கள். ஒரு அம்புக்குறி வார்ப்பதற்கு எவ்வளவு செலவாகும்?

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. சிறிய குதிரைத்திறனில் இடச்சுற்று எஞ்சினே பெரும்பாலும் கிடைப்பதில்லை. இரண்டு சிறிய எஞ்சின் மாட்டுகிறவர்கள் இரண்டும் வலச்சுற்றாகவே ஓட்டி, நாள் முழுக்க ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டுகிறார்கள். நிறம் என்ன வேண்டும் என்று கேட்கிறவர்கள், படகு ஒற்றை உடலா இரட்டை உடலா, சுற்றும்போது மேலே வரும் பிளேடுகள் படகின் வெளிப்பக்கம் போக வேண்டுமா உட்பக்கமா என்று கேட்பதே இல்லை. கேட்டால் படகு கையாளுவதே மாறும்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன். ஒவ்வொரு புரொப்பெல்லரிலும், அதைத் தாங்கும் ஒவ்வொரு கியர் கேஸிலும் சுற்றும் பக்கத்தை அம்புக்குறியோடு, இருட்டில் விரலால் தடவினாலும் தெரிகிற மாதிரி வார்த்துக் கொடுங்கள். ஜோடி விற்றால் ஸ்பேரும் ஜோடியாகக் கொடுங்கள். ஏற்கெனவே விற்றவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் படகில் கிடக்கும் ஸ்பேர் எந்தப் பக்கத்துக்கானது என்று அடுத்த முறை கடலுக்குப் போவதற்குள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரட்டை எஞ்சின் படகு ஓட்டும் ஒருவன்