கைபேசியில் உடற்கூறியல் படித்தவர்களின் சார்பில் ஒரு மடல்

தேசிய மருத்துவ ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு முதன்முதலாக நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டுச் சேர்க்கையில் இடம் பெற்று, 2021 பிப்ரவரியில் வகுப்பு தொடங்கியவர்களுள் நானும் ஒருவன். சில மாதங்களுக்குள் கொரோனாவின் இரண்டாம் அலை வந்தது. விடுதியைக் காலி செய்து ஊர் திரும்பினோம். அப்போது கல்லூரிகளை மூடியது தவறென்று நான் சொல்லவில்லை. மூடிய பின் எங்களிடம் எதை அளந்தீர்கள் என்பதே என் கேள்வி.

இறந்தவரின் உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் மேசையில் நரம்பு திண்ணென்ற கயிறாகவும், தமனி தடித்த சுவருள்ள குழாயாகவும், சிரை தட்டையாகத் துவண்டும் விரலுக்குத் தட்டுப்படும். கைபேசித் திரையிலோ மூன்றும் மூன்று நிறக் கோடுகள். அக்குள் பகுதியின் நரம்புப் பின்னலைப் படமாக மனப்பாடம் செய்துவிட்டுக் கல்லூரி திறந்தபின் உடலின் முன் நின்றபோது, ஒன்றைக்கூட என்னால் அடையாளம் காட்ட முடியவில்லை. வருகைப் பதிவு மட்டும் குறைவற்றிருந்தது. எழுத்துப் பாடத்துக்கு 75, செய்முறைக்கு 80 விழுக்காடு என்ற வரம்பைத் திரையில் பெயர் தெரிந்தாலே தாண்டிவிடலாம்.

பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்த எனக்கு, புரியாத ஒரு சொல்லைப் பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகக் கேட்டுக்கொள்ளும் வாய்ப்பும் அந்த மாதங்களில் இல்லை. மற்றவர்கள் எல்லோருக்கும் புரிகிறது, எனக்கு மட்டும் தகுதியில்லை என்று நம்பத் தொடங்கினேன். பின்னாளில் விடுதியில் பேசியபோதுதான், ஆங்கிலவழியில் படித்த நண்பர்களும் அதையே நம்பியிருந்தார்கள் எனத் தெரிந்தது.

உதவி கேட்டிருக்கலாமே என்பீர்கள். மாணவர் நல ஆலோசனை என எங்களுக்குச் சுட்டப்பட்டது மனநலத்துறை. அத்துறையில்தான் எங்களுக்குப் போஸ்டிங் எனும் மருத்துவமனைப் பயிற்சியும். அங்குள்ளவர்களே எங்களை மதிப்பிடவும் செய்வார்கள். தூக்கம் வரவில்லை என்று ஒருவரிடம் அழுதுவிட்டு, அவர் முன்னிலையிலேயே வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்கு உட்கார எந்த மாணவர் துணிவார்? மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்துத் தாங்கள் அமைத்த தேசியப் பணிக்குழுவின் 2024ஆம் ஆண்டு அறிக்கையில், கணக்கெடுப்பில் பங்கேற்ற இளநிலை மாணவர்களுள் 27.8 விழுக்காட்டினர் தமக்கு மனநலப் பாதிப்பு உண்டெனத் தெரிவித்திருக்கிறார்கள். பெயரை மறைத்துக் கேட்டால் சொல்பவர்கள், முகம் பார்த்துச் சொல்லத் தயங்குவதன் காரணம் இந்த ஏற்பாட்டிலும் இருக்கிறது.

ஆகவே, மாணவரை மதிப்பிடும் பொறுப்பு எதுவுமில்லாத, கல்லூரியின் ஊதியப் பட்டியலுக்கு வெளியே உள்ள ஓர் ஆலோசகரை ஒவ்வொரு கல்லூரிக்கும் நியமிக்க வேண்டுகிறேன். மீண்டும் கல்லூரிகளை மூடும் நிலை வந்தால், இணையவழி வகுப்பைச் செய்முறை வருகையாகக் கணக்கிடாமல், திறந்தபின் ஒவ்வொரு குழுவும் விடுபட்ட டிசெக்‌ஷனையும் வார்டு நாள்களையும் முடித்த பிறகே பல்கலைக்கழகத் தேர்வு என்று விதி செய்யுங்கள். அதனால் தேர்வு சில வாரங்கள் தள்ளிப்போகும்; போகட்டும்.

இப்படிக்கு,
2020ஆம் ஆண்டுச் சேர்க்கையைச் சேர்ந்த ஒரு பயிற்சி மருத்துவர்