என்கவுன்ட்டர் அறிக்கைகளை வெளியிடுங்கள்: உள்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலர் அவர்களுக்கும் காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

என்கவுன்ட்டர் செய்தி வந்த நாளில் டீக்கடையில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சி 'சரியாத்தான் செஞ்சாங்க' என்று சொல்லும். இன்னொன்று 'எல்லாம் போலி' என்று சொல்லும். கவனித்துப் பாருங்கள், போலீஸ் சொன்ன கதையை இந்த இரண்டு கட்சியுமே நம்பவில்லை. கைதட்டுபவர், உயிருக்குப் பயந்து ஒரு அதிகாரி சுட்டார் என்று நினைத்துக் கைதட்டுவதில்லை. 'போட்டுத் தள்ளினார்கள்' என்று நினைத்துத்தான் கைதட்டுகிறார். கைதானவர் கழிவறையில் வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டோடு வரும் படத்தைப் பார்த்துச் சிரிப்பதும் இதே மனசுதான். உங்களைப் பாராட்டுகிறவர்களே உங்கள் அறிக்கையைப் பொய் என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், விமர்சகர்களைவிட அவர்களைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டும்.

தற்காப்பு உரிமை போலீஸுக்குக் கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. ரவுடியைத் தேடி நள்ளிரவில் போகிற காவலருக்கு ஆபத்து நிஜமானது. அவர் உயிரைக் காத்துக்கொள்ளச் சுடுவதைச் சட்டம் குற்றம் என்று சொல்வதில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகள் இதைப் பேசின. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. இந்த உரிமை சீருடைக்கென்று தனியாகக் கொடுத்தது அல்ல, எனக்கும் இருக்கிறது. ஆனால் நான் ஒருவரைச் சுட்டுவிட்டு 'தற்காப்பு' என்று சொன்னால் என்ன நடக்கும்? கொன்றதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு என் மேல் வழக்குப் பதிவார்கள். தற்காப்புதான் என்று காட்டும் பொறுப்பு நீதிமன்றத்தில் என்னுடையது. தேவைக்கு மேல் ஒரு குண்டு கூடச் சுட்டேனா என்று கேள்வி வரும். போலீஸ் சுட்டால் வழக்கமாக வழக்குப் பதிவது இறந்தவர் மேல்தான்: கொலை முயற்சி. செத்தவரை யார் விசாரிப்பது? கோப்பு மூடப்படும், செய்திக்குறிப்பே தீர்ப்பாகிவிடும்.

அந்தச் செய்திக்குறிப்பை ஒருவர் உட்கார்ந்து நிதானமாகச் சோதித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹைதராபாத் வழக்கு இருக்கிறது. 2019 நவம்பர் 27 அன்று ஓர் இளம் கால்நடை மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது, அந்தக் கோபத்தில் தவறே இல்லை. கைதான நான்கு பேரையும் டிசம்பர் 6 அதிகாலையில், மருத்துவரின் உடல் கிடைத்த சடன்பள்ளிக்கு அழைத்துப் போனது போலீஸ். அவர்கள் துப்பாக்கிகளைப் பறித்துச் சுட்டார்கள், நாங்கள் திருப்பிச் சுட்டோம் என்றது. நால்வரும் செத்தார்கள். போலீஸ்காரர்கள் மேல் ஜனங்கள் பூத்தூவினார்கள்.

ஒரு வாரத்துக்குள் உச்ச நீதிமன்றம் தன் முன்னாள் நீதிபதி சிர்புர்கர் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. மும்பை உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி ரேகா பல்தோட்டாவும், சி.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநரான நம்மூர் கார்த்திகேயனும் அதில் உறுப்பினர்கள். மூவரில் ஒருவர் வாழ்நாளெல்லாம் போலீஸ் வேலை பார்த்தவர் என்பதை மறந்துவிடாதீர்கள். 'களத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்' என்று அவரிடம் சொல்ல முடியாது. 2022 மே மாதம் அறிக்கை வெளியானது. ஆயுதம் பறித்த கதையும் சுட்ட கதையும் நம்பத் தக்கவை அல்ல என்றது குழு. கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள் என்றது. பத்து போலீஸாரைக் கொலைக் குற்றத்துக்காக விசாரிக்கப் பரிந்துரைத்தது. இறந்தவர்களில் மூன்று பேர் சம்பவ நேரத்தில் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. பூத்தூவியவர்களில் எத்தனை பேர் அந்த அறிக்கையைப் படித்திருப்பார்கள்? இன்னொன்று: அந்த மருத்துவரைக் கொன்றது இவர்கள்தானா, நால்வருமா, இவர்களோடு வேறு யாராவது இருந்தார்களா என்பதை இனி எந்த நீதிமன்றமும் சாட்சிகளை விசாரித்துச் சொல்லப்போவதில்லை. அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கும் இது இழப்புதான்.

அது தெலங்கானா கதை, நமக்கென்ன என்று தோன்றலாம். சரி, சேஷாசலத்துக்கு வருவோம். 2015 ஏப்ரல் 7. செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட இருபது பேரை ஆந்திர அதிரடிப் படை திருப்பதிக்கு அருகே காட்டில் சுட்டுக் கொன்றது. பெரும்பாலானோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட மலைவாழ் மக்கள். கோடாரியாலும் கற்களாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது அந்தப் படை. நாம் நம்பினோமா? ஒரு நாள் கூட நம்பவில்லை. தமிழ்நாடு முழுக்கப் போராட்டம். அன்றைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம், நம்பகமான விசாரணை வேண்டும் என்று சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். வழியில் பேருந்திலிருந்து இறக்கிக் கூட்டிப் போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். போலீஸின் வார்த்தையே போதாது, வெளியாள் வந்து சோதிக்க வேண்டும் என்று அன்றைக்கு நம் அரசே சொன்னது. நியாயமான கோரிக்கை.

அதே கேள்வியை வேளச்சேரியில் கேட்டோமா? 2012 பிப்ரவரியில் ஒரு வாடகை வீட்டில் வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்கள் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், ஒருவர்கூட உயிரோடு பிடிபடவில்லை. 2024 ஜூலையில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொலை வழக்கில் போலீஸ் காவலில் இருந்தவர், ஆயுதம் எடுக்க மாதவரம் பக்கம் அதிகாலையில் அழைத்துச் செல்லப்பட்டபோது கொல்லப்பட்டார். ஒளித்து வைத்திருந்த துப்பாக்கியால் சுட்டார் என்பது போலீஸ் தரப்பு. இவை பொய் என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. உண்மை என்று நீங்கள் சொல்வதற்கான ஆதாரமும் என் கண்ணில் படவில்லை என்பதுதான் என் புகார். காவலில் இருப்பவரை விடியுமுன் அழைத்துப் போகும் இடத்தை முன்கூட்டியே சோதிக்க மாட்டார்களா, கைவிலங்கு என்ன ஆனது என்று சாதாரண ஆள் கேட்டால், பதில் எங்காவது ஒரு தாளில் இருக்க வேண்டும் அல்லவா?

இருந்தாக வேண்டும். மும்பை என்கவுன்ட்டர்கள் பற்றி பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பதினாறு நெறிமுறைகளை வகுத்தது. சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையத்தின் குழுவோதான் புலனாய்வு செய்ய வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம், சுட்ட அதிகாரிகள் ஆயுதங்களைப் பரிசோதனைக்கு ஒப்படைக்க வேண்டும், சம்பவம் நடந்த சூட்டோடு வீர விருதோ பதவி உயர்வோ கூடாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதவர்கள் நாங்கள். மாஜிஸ்திரேட் விசாரணைக்கு உத்தரவு என்று செய்தி வருகிறது, அப்புறம் அந்த விசாரணை என்ன சொன்னது என்று ஊருக்குத் தெரிவதே இல்லை.

ஆகவே கேட்கிறேன். 2014க்குப் பிறகு தமிழ்நாட்டில் போலீஸ் சுட்டு இறந்த ஒவ்வொருவர் பற்றிய மாஜிஸ்திரேட் விசாரணை அறிக்கையையும் வெளியிடுங்கள். சாட்சிகளின் பெயர்களை மறைத்துக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை. எந்தெந்த வழக்கில் சுட்டவர் மேல் எப்.ஐ.ஆர். பதிவானது, எதில் இறந்தவர் மேல் மட்டும் பதிவானது என்று சொல்லுங்கள். காவலில் இருப்பவரை ஆயுதம் எடுக்க வெளியே கூட்டிச் செல்வதைத் தொடக்கம் முதல் முடிவு வரை வீடியோவில் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவு தற்காப்புக்காக உண்மையிலேயே சுட்ட அதிகாரியைத்தான் முதலில் காப்பாற்றும்.

போலீஸ் துப்பாக்கிச் சூட்டு மரணங்கள் பற்றிய அரையாண்டு அறிக்கை ஜனவரி 15க்குள்ளும் ஜூலை 15க்குள்ளும் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. அடுத்த அறிக்கையை டெல்லிக்கு அனுப்பும் அன்றே தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும், தமிழில், ஏற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டின் ஒரு குடிமகன்